ரோமில் எத்தியோப்பியச் சாப்பாடு: சைவக்காரர்களை அழைத்துப் போகலாமா?

கிழக்குத்தெரு எழுதியது:

வணக்கம். மே மாதம் அப்பா, அம்மாவை அழைத்துக்கொண்டு ரோம் போகிறோம். நாங்கள் டப்ளினில் இருக்கிறோம், அவர்கள் திருநெல்வேலியிலிருந்து வருகிறார்கள். டெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுத்தாயிற்று. இருவரும் முட்டைகூடத் தொடாத சைவம். பீட்ஸாவும் பாஸ்தாவும் அப்பாவுக்கு இரண்டு வேளைக்கு மேல் இறங்காது. அதற்கப்புறம் "குழம்பு மாதிரி எதையாவது கண்ணில் காட்டு" என்று ஆரம்பித்துவிடுவார்.

டெர்மினி பக்கம் எத்தியோப்பியக் கடைகள் இருக்கின்றன, பருப்பும் கீரையும் காரமாகக் கிடைக்கும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். சைவம் என்று அவர்கள் சொல்வதை நம்பலாமா? எல்லோரும் ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுவார்களாமே, அம்மா எச்சில் பார்ப்பவர், அதற்கு என்ன செய்வது? செலவு அதிகமாகுமா?

தைபர்க்கரை எழுதியது:

தாராளமாகப் போங்கள். ரோமில் குடியிருக்கிறேன், அந்தக் கடைகளில் அடிக்கடி சாப்பிடுகிறேன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

டெர்மினிக்கும் காஸ்த்ரோ ப்ரெத்தோரியோ மெட்ரோ நிலையத்துக்கும் நடுவில் உள்ள தெருக்களில் நடந்தால் போதும், நாலைந்து பலகைகள் கண்ணில் படும். சிலவற்றில் எத்தியோப்பியா என்று இருக்கும், சிலவற்றில் எரித்ரியா என்று இருக்கும், சிலவற்றில் இரண்டும். சாப்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. வெள்ளைத் துணி விரித்த மேசையெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். கூடை மாதிரி முடைந்த மேசை ஒன்றிரண்டு, சுவரில் காப்பிக் கூஜா படம், மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சி, அவ்வளவுதான். ஆளுக்கு 12 முதல் 15 யூரோவில் வயிறு நிறையும்.

சைவ விஷயத்தில் ஒரு யோசனை. "வெஜிடேரியன்" என்று கேட்பதைவிட நோன்புச் சாப்பாடு என்று கேளுங்கள். இத்தாலிய மொழியில் 'திஜூனோ', அவர்கள் மொழியில் 'யெ ட்சோம்'. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் நோன்பு இருப்பார்கள். ஈஸ்டருக்கு முன் தொடர்ந்து 55 நாள் வேறு. அந்த நாட்களில் இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கிடையாது. பக்தர்களுக்காகப் பல தலைமுறையாகச் சமைத்துப் பழகிய சமையல் இது, சுற்றுலாக்காரர்களுக்காக நேற்றுச் சேர்த்தது அல்ல. அதனால் நம்பலாம். உங்கள் பெற்றோர் அவ்வளவு கண்டிப்பு என்றால் பாஸ்தாதான் கவனிக்க வேண்டியது. அதன் மேல் தூவுகிற பார்மிஜானோ சீஸில் பாலைத் திரிய வைக்க, கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட் கட்டாயம் உண்டு. இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

'பெயாய்நேத்து' என்று கேட்டால் பெரிய இஞ்செரா (தோசை மாதிரி, புளித்த மாவில் சுட்ட அவர்களுடைய ரொட்டி) ஒன்றை விரித்து, அதன்மேல் சின்னச் சின்னக் குவியலாக எல்லாம் வைத்துத் தருவார்கள். மிசிர் வொட் (மசூர் பருப்பு, சிவப்பாக, காரமாக), கிக் அலிச்சா (மஞ்சள் போட்ட பட்டாணிப் பருப்பு, காரமே இல்லாதது), கோமென் (கீரை), முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் காரட்டும் சேர்ந்த ஒன்று, பீட்ரூட், பச்சை பீன்ஸ். கூடவே ஷிரோ சொல்லுங்கள். கடலை மாவையோ மொச்சை மாவையோ மசாலாவோடு கொதிக்கவைத்த குழம்பு அது, மண்சட்டியில் தளதளவென்று வரும். உங்கள் அப்பா கேட்கிற குழம்பு இதுதான்.

இங்கே மட்டும் ஜாக்கிரதை: 'போஸெனா ஷிரோ' என்று பட்டியலில் இருந்தால் அதில் மாட்டிறைச்சித் துண்டுகள் கிடக்கும். சாதா ஷிரோவையும் சில இடங்களில் நிதிர் கிபே என்ற மசாலா நெய்யில் செய்வார்கள். நெய் உங்களுக்குப் பரவாயில்லை என்றால் அது கூடுதல் ருசி.

இன்னொன்று, நீங்கள் போவது மே மாதம். ஈஸ்டர் முடிந்து 50 நாட்களுக்குப் புதன், வெள்ளி நோன்பும் கிடையாது, அவர்களுக்கு அது கொண்டாட்டக் காலம். கடையில் நோன்புத் தட்டு அப்போதும் கிடைக்கும், இத்தாலியர்களே நிறையப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் தவக்கால வெள்ளிக்கிழமை கிடைக்கிற அத்தனை வகை இருக்காது.

பழையசோறு எழுதியது:

கேட்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். ரோமுக்குப் போய் யாராவது எத்தியோப்பியச் சாப்பாடு தேடுவார்களா? பாரிஸ் போய் பர்மா கடை தேடுகிற கதையாக இருக்கிறது. அந்த ஊர்க் கூனைப்பூ (ஆர்ட்டிசோக்), பாஸ்தா, சைவமே எவ்வளவு இருக்கிறது! அதுபோக இஞ்செராவை நான் ஸ்டாக்ஹோமில் சாப்பிட்டிருக்கிறேன். ஆறிப்போன, அளவுக்கு மீறிப் புளித்த தோசை. ஒரு பக்கம்தான் வேகவைக்கிறார்கள்.

தைபர்க்கரை எழுதியது:

பழையசோறு ஐயா, இரண்டு வாதம் வைத்தீர்கள். இரண்டையும் மறுக்கிறேன்.

முதலில் ரோம். இந்தச் சாப்பாடு எங்கிருந்தோ பறந்து வந்து இறங்கியதல்ல. டெர்மினியை விட்டு வெளியே வந்தால் பேருந்துகள் நிற்கும் பெரிய சதுக்கம், பியாட்ஸா தெய் சின்குவெசெந்தோ. ஐந்நூற்றுவர் சதுக்கம். யார் அந்த ஐந்நூறு பேர்? 1887 ஜனவரியில் எரித்ரியாவின் டொகாலியில் எத்தியோப்பியத் தளபதி ராஸ் அலுலாவின் படை வீழ்த்திய இத்தாலியச் சிப்பாய்கள். அவர்களுக்கான நினைவுத்தூண் பக்கத்திலேயே நிற்கிறது, அதுவும் எகிப்திலிருந்து வந்த தூண். எத்தனை பேர் பெட்டியை இழுத்துக்கொண்டு அதைத் தாண்டிப் போகிறார்கள், யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

1890இல் எரித்ரியா இத்தாலியின் காலனி ஆனது. 1896 மார்ச் 1 அன்று அத்வாவில் எத்தியோப்பிய மன்னர் மெனெலிக்கின் படை இத்தாலியரைத் தோற்கடித்தது. அந்தக் கோபத்தை 40 வருடம் வளர்த்து, முசோலினி 1935இல் மறுபடி படையெடுத்தான். விஷவாயுவெல்லாம் போட்டு 1936இல் அடிஸ் அபாபாவைப் பிடித்தார்கள். 1941இல் விட்டு ஓடினார்கள். இடையில் 1937இல் எத்தியோப்பியாவின் பழைய நகரமான அக்ஸூமிலிருந்து 24 மீட்டர் உயரக் கல்தூணைக் கொண்டுவந்து, ரோமின் பழைய தேர்ப்பந்தயத் திடலான சர்க்கஸ் மாக்ஸிமுஸ் கோடியில் நட்டார்கள். எதிரே ஆப்பிரிக்கக் காலனிகளுக்கான அமைச்சகக் கட்டடம் எழுந்தது. இன்று அதே கட்டடத்தில் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு இருக்கிறது. தூண் 2005இல்தான் ஊர் திரும்பியது, மூன்று துண்டாக, விமானத்தில்.

1960கள் தொட்டு எரித்ரியப் பெண்கள் இத்தாலிய வீடுகளில் வேலைக்கு வந்தார்கள். எத்தியோப்பியாவில் 1974இல் ராணுவ ஆட்சி வந்தபின் அகதிகள் வந்தார்கள். டெர்மினிதான் எல்லோரும் வந்து இறங்கிய இடம், அதனால் கடைகளும் அங்கேயே முளைத்தன. சமாசாரம் இன்னும் முடியவில்லை. 2017 ஆகஸ்டில் அதே வட்டாரத்தில், காலிக் கட்டடம் ஒன்றில் தங்கியிருந்த எரித்ரிய, எத்தியோப்பிய அகதிகளை வெளியேற்றியபோது, அங்கிருந்த சதுக்கத்தில் போலீஸ் தண்ணீர் பீய்ச்சி விரட்டியது. ஆக, ரோமில் இந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுவது ரோமைப் பார்ப்பதில் சேராதா? என்னைக் கேட்டால் சேரும். கொலோசியத்தில் வரிசையில் நிற்பதைவிட நன்றாகவே சேரும்.

கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது. ரோம்காரர்கள் 'ஜிகினி' என்று காரக் கறியைப் பெயர் சொல்லிக் கேட்பார்கள். அடிஸ் அபாபாவில் தெருவுக்குத் தெரு மக்கியாத்தோ, பாஸ்தாவை இஞ்செராவால் அள்ளிச் சாப்பிடுகிறவர்களும் உண்டு.

இரண்டாவது, இஞ்செரா. ஆறித்தான் இருக்கும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். சுட்டு அடுக்கி, ஆறவைத்து, மெத்தென்று ஆனபின்தான் பரிமாறுவார்கள். மேலே உள்ள கண்கள் குழம்பை உறிஞ்சவேண்டும், அதற்காகத்தான் திருப்பிப் போடாமல் ஒரு பக்கம் மட்டும் வேகவைப்பது. மொறுமொறுப்பைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். புளிப்பும் வேண்டுமென்றே வைப்பது. காரக் குழம்புக்கும் வெங்காயத்தின் இனிப்புக்கும் அந்தப் புளிப்பு நடுவில் நின்றால்தான் வாய் திகட்டாது. தனியாகக் கிள்ளி வாயில் போட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது.

சூரிச்சின்னவன் எழுதியது:

தைபர்க்கரை அண்ணை சொன்னது சரி. நான் சுவிஸில். இங்கே எரித்ரியச் சனம் அதிகம், எங்கள் மாடியிலேயே ஒரு குடும்பம். அகதியாக வந்து முகாமில் இருந்த கதையை இரண்டு பக்கமும் கதைக்கலாம், அதனால் பழக்கம் சுலபம்.

தங்கச்சியோ தம்பியோ தெரியாது, அம்மாவின் எச்சில் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே தட்டு என்றாலும் ஆளாளுக்கு எல்லை உண்டு. உங்களுக்கு முன்னால் இருக்கிற பக்கத்தைத்தான் சாப்பிட வேண்டும். மற்றவர் பக்கம் கை நீட்டுவது அவர்களிடமும் மரியாதைக் குறைவுதான். வலது கை மட்டும். இஞ்செராவைக் கிழித்து, கறியை அதற்குள் பிடித்து எடுப்பதால் விரல் நுனி கறியில் படுவதே குறைவு. விரல் வாய்க்குள் போகக் கூடாது, சூப்பக் கூடாது. சாப்பிட முன்னம் எல்லோரும் கை கழுவுவார்கள், சில வீடுகளில் செம்பால் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். யோசித்துப் பார்த்தால் எங்கள் ஆட்களைவிடக் கண்டிப்பு.

சங்கடம் வருவது குர்ஷாவில்தான். அன்புக்காக ஒருவர் தன் கையால் கவளம் உருட்டி இன்னொருவர் வாயில் ஊட்டிவிடுவது. பெரிய கவளமாக இருந்தால் அன்பும் பெரியது என்று கணக்கு. கடையில் தெரியாத ஆட்களுக்கு யாரும் ஊட்ட மாட்டார்கள், பயப்பட வேண்டாம். வீட்டுக்குக் கூப்பிட்டால்தான் மாட்டிக்கொள்வீர்கள். என் மாமியார் முதல் தரம் முகத்தைத் திருப்பினா, இப்ப அந்த வீட்டுப் பாட்டிக்கு அவவே ஊட்டுறா.

கடையில் தனித்தட்டு கேட்டால் ஒன்றும் நினைக்காமல் தருவார்கள். இஞ்செராவைச் சுருட்டி வைத்து, கறிகளைக் கிண்ணத்தில் கேட்கலாம்.

உறைப்பு எங்களுக்குப் போதாது என்றுதான் நான் சொல்வேன். ஆனால் மித்மித்தா என்று ஒரு தூள் உண்டு. கேட்டு வாங்கித் தொட்டுக்கொள்ளுங்கள், காது அடைக்கும்.

கடற்காற்று எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஹலால் எப்படி? பன்றி இல்லாத சமையல் என்று கேள்விப்பட்டேன்.

தைபர்க்கரை எழுதியது:

பன்றி இருக்காது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ்காரர்கள் பழைய ஏற்பாட்டின் உணவு விதிகளைப் பின்பற்றுகிறவர்கள், அவர்களும் பன்றியைத் தொட மாட்டார்கள். ஆனால் அதனாலேயே ஹலால் ஆகிவிடாது. அந்த நாட்டிலேயே கிறிஸ்தவர் அறுத்ததை முஸ்லிம்களும், முஸ்லிம்கள் அறுத்ததைக் கிறிஸ்தவர்களும் சாப்பிடாமல் இருப்பதுதான் வழக்கம். கடையில் நேரடியாகக் கேளுங்கள், தயங்காமல் பதில் சொல்வார்கள், அவர்களுக்கு இது பழகிய கேள்வி. இல்லாவிட்டால் நோன்புத் தட்டு. தேன் மது 'தெஜ்' குடுவையில் வரும், பார்க்க எலுமிச்சை சர்பத் போல மஞ்சளாக இருக்கும். விசாரிக்காமல் ஊற்றிக்கொள்ளாதீர்கள்.

கம்பங்கொல்லை எழுதியது:

எனக்குக் கோதுமை ஆகாது, மருத்துவர் கண்டிப்பாக நிறுத்தச் சொன்னது. இஞ்செரா சுடுகிற தெஃப் குளூட்டன் (கோதுமையில் உள்ள புரதம்) இல்லாத தானியம் என்பதை நம்பி ஐரோப்பாவில் எத்தியோப்பியக் கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தெஃப் விலை அதிகம். கோதுமை மாவோ பார்லியோ சோளமோ கலந்து சுடுவதுதான் இங்கே சாதாரணம். நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, தெஃப்பிலேயே வெள்ளையும் உண்டு, பழுப்பும் உண்டு. "நூறு சதவீதம் தெஃப்பா?" என்று கேட்க வேண்டும், சில கடைகளில் முன்கூட்டிச் சொன்னால் தனியாகச் சுட்டுத் தருகிறார்கள். என் ஊரில் ஒரு கடையில் "ஆமாம் ஆமாம்" என்று தலையாட்டிவிட்டுப் பார்லி கலந்ததைக் கொடுத்தார்கள், மூன்று நாள் படுத்த படுக்கை. அதனால் பரிமாறுகிறவரிடம் கேட்காமல் சமைக்கிறவரிடம் கேளுங்கள்.

தெஃப்பைப் பற்றி இன்னொரு செய்தி. கடுகைவிடப் பொடிசான இந்த தானியத்துக்கு நெதர்லாந்து நிறுவனம் ஒன்று காப்புரிமை வாங்கி வைத்திருந்தது! எத்தியோப்பியர்கள் ஆயிரக்கணக்கான வருடமாக அரைத்துச் சாப்பிடுகிற மாவுக்கு. 2018இல் ஹேக் நீதிமன்றம் அது செல்லாது என்று தள்ளியது. மஞ்சளுக்கும் வேம்புக்கும் நாம் பட்டது நினைவுக்கு வந்தது.

நம் கேழ்வரகுக்கும் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம்தான். புல் குடும்பத்தில் தெஃப்புக்கும் அதற்கும் நெருங்கிய உறவு.

பழையசோறு எழுதியது:

சரி, வரலாற்றுக்குத் தலைவணங்குகிறேன். சாப்பாட்டுக்கு இன்னும் இல்லை. எல்லாக் குழம்பும் ஒரே சிவப்பு, ஒரே ருசி என்பது என் அனுபவம். மறுக்கட்டும் பார்ப்போம்.

சூரிச்சின்னவன் எழுதியது:

அது பெர்பெரே என்ற மிளகாய் மசாலாத் தூளைக் கண்டபாட்டுக்குக் கொட்டுகிற கடை. பக்கத்து வீட்டு அக்கா சமைக்கிறதைப் பார்த்திருக்கிறேன். வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, எண்ணெய் இல்லாமல் வெறும் சட்டியில், அடுப்பைக் குறைத்து, கிண்டிக் கிண்டி வதக்குவா. கறிக்கு நிகராக வெங்காயம் போகும். நிறம் மாறின பிறகுதான் எண்ணெய், அப்புறம் பெர்பெரே, அதுவும் வேகுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். அவசரக் கடையில் இந்த வெங்காய வேலையைத்தான் முதலில் வெட்டுவார்கள். வெட்டினால் தூள் பச்சையாக மணக்கும், எல்லாம் ஒரே ருசியாகத்தான் இருக்கும்.

பெர்பெரேயில் மிளகாய் மட்டுமில்லை. வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம், இஞ்சி, உள்ளி (பூண்டு), அவர்களுடைய பெரிய ஏலக்காய் கொரரிமா, காய்ந்த துளசி வகை ஒன்று. மூடியைத் திறந்து மோந்து பார்த்தால் எந்த வீட்டுத் தூள் என்று சொல்லலாம்.

ஒரே ருசி என்று சொல்கிறவர் மிசிர் வொட்டும் அலிச்சாவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாப்பிடட்டும். இறைச்சி சாப்பிடுகிறவர் என்றால் கிட்ஃபோ. பொடியாக வெட்டின பச்சை மாட்டிறைச்சி, மித்மித்தாவும் நெய்யும் போட்டது. பச்சையாக வேண்டாம் என்றால் 'லெப்லெப்' என்று கேளுங்கள், இலேசாகச் சூடு காட்டித் தருவார்கள்.

கிழக்குத்தெரு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. போய்விட்டு வந்தாயிற்று, விவரம் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். (சூரிச்சின்னவன் அண்ணா, தங்கச்சிதான்.)

காஸ்த்ரோ ப்ரெத்தோரியோ பக்கம் ஒரு கடை. இரவு ஏழு மணிக்கே போனதால் நாங்கள் மட்டும்தான், எட்டரைக்கு உட்கார இடமில்லை. நோன்புத் தட்டு என்று கேட்டதும் அந்த அம்மாவின் முகமே மாறியது, எங்கள் நாலு பேருக்கும் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று அவரே பார்த்துக்கொண்டார். நெய் வேண்டுமா என்றுகூடக் கேட்டார்.

அம்மாவுக்குத் தனித்தட்டு. கேட்டபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. அப்பா எங்களோடு பெரிய தட்டில் உட்கார்ந்தார். ஷிரோ வந்ததும் அதை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார், எல்லையாவது ஒன்றாவது! இஞ்செரா அம்மாவுக்குப் பிடிக்கவே இல்லை, "நாளைக்குப் புளிக்கும் என்று இன்றைக்கே தெரிகிற மாவு" என்றார். கீரையும் பீட்ரூட்டும் பிடித்தன, கரண்டி வாங்கிச் சாப்பிட்டார். மிசிர் வொட் என் கணவருக்கே காரம்.

பழையசோறு சொன்னதில் பாதி உண்மை என்று எனக்கும் பட்டது. வேறு ஒரு கடையில் மதியம் சாப்பிட்டோம், இரண்டு சிவப்புக் குழம்புக்கும் வித்தியாசமே தெரியவில்லை. வெங்காயம் அரைகுறையாக வெந்து நறநறவென்றிருந்தது.

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். தட்டின் அடியில் விரித்த இஞ்செராதான் கடைசியில் சாப்பிட வேண்டியது. எல்லாக் குழம்பும் ஊறி இறங்கியிருக்கும். அதற்கு வயிற்றில் இடம் வேண்டும். கூடையில் சுருட்டி வைத்த இஞ்செராவை முதலிலேயே முடித்துவிடாதீர்கள், உள்ளே போய் உப்பும்.

காப்பிச் சடங்குக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தோம். பச்சைக் கொட்டையை நம் முன்னாலேயே வறுத்து, புகையை முகர்ந்து பார்க்கக் கொண்டுவந்து காட்டி, ஜெபெனா என்ற மண்கூஜாவில் காய்ச்சினார்கள். சாம்பிராணி, தொட்டுக்கொள்ளச் சோளப்பொரி. மூன்று சுற்று வரும், அபோல், தோனா, பெரெக்கா. அதே தூளில் மறுபடி தண்ணீர் விட்டுக் காய்ச்சுவதால் ஒவ்வொரு சுற்றும் இலேசாகிக்கொண்டே போகும். முதல் சுற்றிலேயே அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. மூன்றும் முடிய ஒரு மணி நேரமாகும், அவசரமிருந்தால் ஆரம்பிக்காதீர்கள். எழுந்து போவது அவ்வளவு அழகாக இருக்காது.

நான்கு பேருக்கு, காப்பியும் சேர்த்து, 70 யூரோவுக்குள்.

பழையசோறு எழுதியது:

பாதி உண்மை என்றாவது ஒப்புக்கொண்டீர்களே, போதும். அந்த ஊறிய அடி இஞ்செராவை நான் ஸ்டாக்ஹோமில் தட்டோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அடுத்த முறை பார்க்கலாம்.

நொய்யல் எழுதியது:

நல்ல இழை. நாங்கள் ஆகஸ்ட் நடுவில் ரோம் போகிறோம். ஆகஸ்டில் ஊரே கடையடைத்துவிடும் என்கிறார்களே, இந்தக் கடைகள் திறந்திருக்குமா?

தைபர்க்கரை எழுதியது:

ஆகஸ்ட் 15ஐ ஒட்டி ரோம்காரர்கள் கடற்கரைக்குப் போய்விடுவார்கள், குடும்பக் கடைகள் பல இரண்டு வாரம் மூடியிருக்கும். டெர்மினி பக்கம் அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் போன் செய்துவிட்டுப் போங்கள். எத்தியோப்பியக் கடைக்கு அது உண்மையில் நல்ல நேரம். அவர்கள் நாட்காட்டிப்படி வரும் மாதா விண்ணேற்றத்துக்கு முன் ஆகஸ்ட் 7 தொடங்கி இரண்டு வாரம் 'ஃபில்செத்தா' நோன்பு, சின்னப் பிள்ளைகள்கூட இருப்பார்கள். நோன்புச் சட்டிகள் எல்லாம் அடுப்பில் இருக்கும். பகல் வெயில் 35 டிகிரி தாண்டும், குளிர்சாதனம் உண்டா என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள். பல கடைகளில் கிடையாது.